குடித்தால்தான் அடங்கும் என்பது தவறு

“குடியை விட்டவருக்கு வரும் தவிப்பு குடித்தால்தான் அடங்கும், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தரும் மாத்திரையும் இன்னொரு போதைதான்” என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

குடிக்கத் தோன்றும் வேகம் ஏறிக்கொண்டே போகாது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டுத் தானாக இறங்கிவிடும். அதுவரை நேரத்தைக் கடத்துவதுதான் வேலை. ஷிஃப்ட் முடிந்து, பசியோடு சிவாஜிநகரில் பஸ் மாறும்போது ஒயின்ஸ் பலகை கண்ணில் படும் பாருங்கள், அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முதலில் வயிற்றுக்கு இரண்டு இட்லி, அப்புறம் வீட்டுக்கு ஒரு போன். முடிந்தால் அந்த வழியே வேண்டாம்.

குடியாசையைக் குறைக்கத் தரும் அந்த நால்ட்ரெக்ஸோன் மாத்திரை போதை தராது, அதற்கு யாரும் அடிமையாவதும் இல்லை. குடியில் மூளைக்குக் கிடைக்கும் சுகத்தை மட்டுப்படுத்தி ஆசையைக் குறைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஈரலைச் சோதித்துப் பார்த்து டாக்டர்தான் தர வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்குகிற சமாசாரம் இல்லை.

இன்னொன்று, இதுதான் எனக்குக் கவலை: தினமும் நிறையக் குடிப்பவர் இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டு வீம்புக்கு ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம். கை நடுக்கத்தில் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு, பிதற்றல் வரை போகலாம். உயிருக்கே ஆபத்து. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது.