அகுவேரோ ஓய்வுக்குத் தடுப்பூசி காரணமா?

“கொரோனா தடுப்பூசி போட்டார், மைதானத்திலேயே சுருண்டு விழுந்தார், கால்பந்தே முடிந்தது” என்று அர்ஜென்டினா கால்பந்து வீரர் செர்ஜியோ அகுவேரோவின் படத்தோடு ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

நடந்தது இதுதான். 2021 அக்டோபர் 30, கேம்ப் நௌ மைதானம், பார்சிலோனாவுக்கும் அலவேஸுக்கும் ஆட்டம். முதல் பாதி முடியப்போகும் நேரம். அகுவேரோ நெஞ்சையும் தொண்டையையும் பிடித்துக்கொண்டு புல்தரையில் உட்கார்ந்தார். சுயநினைவு இழக்கவில்லை. அவருக்குப் பதில் குட்டீன்யோ இறங்கினார்.

பரிசோதனையில் தெரிந்தது சீரற்ற இதயத்துடிப்பு. இதயத்தை இயக்கும் மின் துடிப்புகள் தாளம் தப்பும் கோளாறு இது. முழு வேகத்தில் ஓடும்போது ஆபத்து கூடும். அதனால்தான் தொழில்முறை ஆட்டம் வேண்டாம் என்றார்கள் மருத்துவர்கள். தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அவரைப் பற்றி நன்கு அறிந்த அர்ஜென்டினா இதய மருத்துவர் அப்போதே சொல்லிவிட்டார்.

டிசம்பர் 15 அன்று, 33 வயதில், கண்ணீரோடு ஓய்வை அறிவித்தார். இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி அணிக்கு 260 கோல்கள் அடித்தவர், 2012இல் கடைசி நிமிட கோலால் லீக் பட்டத்தையே வென்று கொடுத்தவர். பார்சிலோனாவுக்கு ஐந்தே ஆட்டங்கள், ஒரே கோல். அந்த வலியை வதந்திக்குத் தீனியாக்குவதுதான் மனதை உறுத்துகிறது. அந்தப் படம் உங்களுக்கு வந்தால், அனுப்பியவரிடமே இதைச் சொல்லுங்கள்.