1930-ல் மெட்ராஸ் ரெஜிமென்டா?

மேலே ஒருத்தர் “மெட்ராஸ் ரெஜிமென்ட் 1758-ல இருந்து ஒரு நாள்கூட கலையல, எங்க அப்புச்சி 1930-லயே சேர்ந்தாரு”ன்னு எழுதியிருக்காருங்க. முதல் பாதியே தப்பு. மெட்ராஸ் ரெஜிமென்ட்ங்கறது காலாட்படை. முதல் உலகப்போருக்கப்புறம் செலவைக் குறைக்கறேன்னு அதோட நிரந்தரப் பட்டாலியன்களை ஒவ்வொண்ணா கலைச்சு, 1928-ல முடிச்சுட்டாங்க. பகுதிநேர டெரிட்டோரியல் படை மட்டும் மிஞ்சுச்சு. இரண்டாம் உலகப்போர்ல ஆள் பத்தாமத்தான் திரும்ப எழுப்புனாங்க. அதோட பயிற்சி மையம் நீலகிரி வெலிங்டனுக்குப் போறதுக்கு முன்னாடி இருந்தது நம்ம கோயமுத்தூர் பக்கத்து மதுக்கரையிலதான்.

அப்போ 1930-ல சேர்ந்தவரு? டெரிட்டோரியலா இருக்கலாம். முழுநேர வேலைன்னா பெங்களூர் மெட்ராஸ் சாப்பர்ஸைப் பாருங்க. அது கலையவே இல்ல. ஆனா பாலம் போடுற, கண்ணிவெடி எடுக்குற பொறியாளர் படைங்க அது, காலாட்படை இல்ல.

ராணுவத்தை விட்டு வரும்போது குடுக்குற டிஸ்சார்ஜ் புக்குல யூனிட் பேரைப் படிங்க. “1/3 மெட்ராஸ்”னா மூணாவது மெட்ராஸ் ரெஜிமென்டோட (இதே ரெஜிமென்டோட அப்போதைய பேரு) முதல் பட்டாலியன். “ஃபீல்டு கம்பெனி”ன்னு இருந்தா சாப்பர்ஸ். இரண்டாம் உலகப்போர்ல பர்மா போர்முனையில இருந்தவங்களுக்குக் குடுத்த பர்மா ஸ்டார் பதக்கத்தைக் காட்டி, காலாட்படைதான்னு வாதாடாதீங்க. லாரி ஓட்டுனவருக்கும் அதேதான் குடுத்தாங்க.