விளம்பரத்தில் இல்லாத மணமக்கள்

2023 ஏப்ரலில், தன்பால் திருமணம் தொடர்பான வழக்கை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரித்துக்கொண்டிருந்த நாட்களில், மும்பை மாட்டுங்காவில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி வந்து சேர்ந்தது. தீர்ப்பு சாதகமாக வந்தால் பள்ளிப் பாடப் புத்தகங்களே மாறிவிடும் என்று அது எச்சரித்தது. அன்று மாலை மூன்றாம் மாடி மாமி என்னை மாடிப்படியில் நிறுத்தி, "ஏம்ப்பா, ஸ்கூல்ல கொழந்தைகளுக்கு இதையெல்லாம் பாடமா வெச்சுடுவாளாமே, நெஜமா?" என்று கேட்டார். அவர் குரலில் வெறுப்பின் சாயலே இல்லை. பேரனை நினைத்துக் கலங்கியிருந்தார். அந்தக் கலக்கத்தை உண்டாக்கும் உத்தி பழையது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2008 மே மாதம் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் தன்பால் திருமணத்துக்கு வழி திறந்தது. அதை மீண்டும் அடைக்கும் 'முன்மொழிவு 8', அவ்வாண்டு நவம்பர் தேர்தலோடு வாக்கெடுப்புக்கு வந்தது. தடையை ஆதரித்தவர்களின் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில், பள்ளியிலிருந்து வீடு திரும்பும் சிறுமி, ஓர் இளவரசன் இன்னோர் இளவரசனை மணந்த கதையை வகுப்பில் படித்ததாகவும், தானும் ஓர் இளவரசியை மணக்கலாம் என்றும் தாயிடம் மகிழ்ச்சியோடு சொல்கிறாள். தாயின் முகம் மாறுகிறது. முன்மொழிவின் சட்ட வாசகமோ ஆங்கிலத்தில் வெறும் 14 சொற்கள். பள்ளியைப் பற்றியோ பாடத்தைப் பற்றியோ அதில் எதுவும் கிடையாது. இருந்தும், யார் யாரை மணக்கலாம் என்று கேட்கப்பட்ட கேள்விக்கு, 'என் பிள்ளைக்கு என்ன ஆகும்?' என்ற அச்சத்தோடு பலர் விடையளிக்கும் நிலையை அந்த விளம்பரம் உருவாக்கியது.

எதிர்த்தரப்பு மாநிலக் கல்வித் துறைத் தலைவரையே திரையில் நிறுத்தி அதை மறுத்தது. பாகுபாடு தவறு, உரிமையைப் பறிப்பது அநீதி என்றும் பேசியது. சொன்னவை அனைத்தும் சரி. ஆனால், யாருடைய திருமணத்துக்காக அந்தப் போராட்டம் நடந்ததோ அந்த இணையர்களை எதிர்த்தரப்பின் விளம்பரங்களே பெரும்பாலும் காட்டவில்லை. காட்டினால் நடுநிலை வாக்காளர் மிரண்டுவிடுவார் என்று கருதினார்கள் போலும். அச்சமூட்டிய தரப்பிடம் ஒரு குழந்தையின் முகம் இருந்தது. மறுத்த தரப்பிடம் வாதம் மட்டுமே இருந்தது. இரு தரப்பும் சேர்ந்து 8 கோடி டாலருக்கு மேல் செலவழித்த அந்த வாக்கெடுப்பில் தடை சுமார் 52 சதவீத வாக்குகளுடன் வென்றது. மறு ஆண்டு அமெரிக்காவின் மெயின் (Maine) மாநிலத்திலும் ஏறத்தாழ அதே கதைதான்.

அந்தத் தோல்விகளை ஆராய்ந்தவர்கள் விளம்பரத்தின் மொழியையே மாற்றினார்கள். உரிமைப் பட்டியலைக் குறைத்து, அன்பையும் வாழ்நாள் பொறுப்பையும் முன்னால் வைத்தார்கள். மெயினில் 2012-இல் வந்த விளம்பரம் ஒன்றில், போரில் பங்கேற்ற முதியவர் ஒருவர் தம் குடும்பத்தோடு அமர்ந்து, தன்பால் இணையோடு வாழும் பேத்திக்காகப் பேசினார். மூன்றாண்டுகளுக்கு முன் மறுத்த அதே மாநிலம் அம்முறை ஏற்றுக்கொண்டது. விளம்பரம் ஒன்றாலேயே அது நிகழ்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். வீடு வீடாகச் சென்று பேசியவர்களின் உழைப்பும், ஒபாமா வெளிப்படையாகத் தெரிவித்த ஆதரவும் அதே ஆண்டில்தான் சேர்ந்தன. ஆனால் பள்ளி பற்றிய அச்சம் அத்துடன் ஓயவில்லை. 2017-இல் ஆஸ்திரேலியாவில் அஞ்சல்வழிக் கருத்தெடுப்பின்போது வந்த எதிர்ப்பு விளம்பரத்தில் தாய்மார்கள் பள்ளியைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனாலும் அங்கே 61.6 சதவீதம் பேர் ஆதரவளித்தார்கள்.

நம் நாட்டில் இப்படி வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. 2023 அக்டோபர் 17 அன்று வந்த தீர்ப்பு, இதைச் சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும் முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. அதனால் இனி மக்கள் கருத்தின் எடை கூடும். தேர்தல் நேரத்தில் தொலைக்காட்சியில் வரும் கட்சி விளம்பரத்துக்கு முன்சான்றிதழ் வேண்டும். குடும்பக் குழுவில் வந்து விழும் செய்திக்கு அனுப்புநர் பெயர்கூட வேண்டாம். மறுபுறம், 2021-இல் இரு பெண்கள் சேர்ந்து, கணவருக்காக மனைவி நோன்பிருக்கும் வட இந்தியப் பண்டிகையான கர்வா சௌத்தைக் கொண்டாடுவதாகக் காட்டிய அழகுசாதன விளம்பரத்தை, மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சரின் எச்சரிக்கைக்குப் பின் நிறுவனம் திரும்பப் பெற்றது. அச்சம் தடையின்றிச் சுற்றிவர, முகம் மட்டும் திரையிலிருந்து அகற்றப்படுகிறது. இது என்னை மிகவும் வருத்துகிறது. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-இல் சட்ட ஏற்பு கிடைப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, நம் தாத்தா பாட்டிகள் அத்தகைய திருமணங்களுக்கு நேரில் போய், வாழ்த்தி, சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள்; அவர்களைப் பயமுறுத்துவது எளிதாக இருந்திருக்காது.

அன்று மாமியின் கைபேசியில் அந்தச் செய்தியை இருவரும் மீண்டும் படித்தோம். பலமுறை பகிரப்பட்டது என்ற குறிப்பு இருந்ததே தவிர, எழுதியவர் யாரென்று இல்லை. வழக்கில் பாடப் புத்தகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை என்றேன். சிறிது யோசித்துவிட்டு, "அப்போ அவா என்னதான் கேக்கறா?" என்றார். மருத்துவமனையில் கையெழுத்து, ஓய்வூதியம், சேர்ந்து ஒரு குழந்தையைத் தத்தெடுப்பது என்று நான் சொல்லத் தொடங்கியதும், அவர் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.