ஸ்மித்தின் பிடிவாதமும் ஐலீனின் முடிவும்

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டபிள்யூ. யூஜின் ஸ்மித் பேரைச் சொன்னாலே புகைப்படக்காரர்கள் பலருக்குப் பக்தி வந்துவிடுகிறது. சமரசமே செய்யாதவர், லைஃப் பத்திரிகை வேலையைத் தூக்கி எறிந்தவர் என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கும் பிடித்த கலைஞர்தான். ஆனால் அந்தப் பிடிவாதத்தில் பாதியை என்னால் கொண்டாட முடியவில்லை.

1948-ல் கொலராடோவின் ஒரு சிற்றூரில் டாக்டர் எர்னஸ்ட் செரியானியை வாரக்கணக்கில் பின்தொடர்ந்து அவர் எடுத்த படங்களைப் பாருங்கள். பிரசவ அறுவையில் தாயும் குழந்தையும் இறந்த பிறகு, நள்ளிரவு தாண்டி, டாக்டர் ஆஸ்பத்திரி சமையலறையில் காபிக் கோப்பையோடு சாய்ந்து நிற்கிறார். அறுவை உடை கூட மாற்றவில்லை. டாக்டர் கேமராவை மறக்க வேண்டும் என்று முதல் சில நாள் ஃபிலிமே போடாமல் கிளிக் செய்தார் என்று சொல்வார்கள். இந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

அதே மனிதர் 1954-ல், ஆப்பிரிக்காவில் ஆஸ்பத்திரி நடத்திய டாக்டர் ஆல்பர்ட் ஷ்வைட்சரின் படத்தில், வேறொரு நெகட்டிவிலிருந்து ரம்பத்தின் கைப்பிடியையும் ஒரு கையையும் கொண்டுவந்து சேர்த்தார். ஆவணப் புகைப்படம் என்ற பெயரில் இது எனக்கு உறுத்துகிறது. அடுத்த ஆண்டு பிட்ஸ்பர்க் நகரத்தைப் பற்றிய புத்தகத்துக்கு மூன்று வாரத்தில் நூறு படம் கேட்டார்கள். பத்தாயிரத்துக்கு மேல் நெகட்டிவ்கள் குவிந்தன, அப்போதும் அவருக்குத் திருப்தி இல்லை. வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் பணத்துக்குத் திண்டாடினார்கள். மேதை என்றால் இதையெல்லாம் மன்னித்துவிட வேண்டுமா என்ன?

அப்புறம் மினமாட்டா என்ற ஜப்பானியக் கடலோர ஊர். அங்கே சிஸ்ஸோ நிறுவனம் கடலில் விட்ட கழிவிலிருந்த பாதரசம், மீன் வழியாக மனிதருக்குள் போனது. 1956-லேயே நோய் வெளியே தெரிந்தும், அந்தக் கழிவு 1968 வரை நிற்கவில்லை. 1971-ல் ஸ்மித்தும் மனைவி ஐலீனும் அங்கேயே குடியேறி மூன்று ஆண்டு இருந்தார்கள். 1972 ஜனவரியில் நிறுவனத்தின் கோய் ஆலையில் ஸ்மித்தை அடித்து நொறுக்கினார்கள், கண்பார்வை கெட்டது. இந்த அடியைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். ஐலீனும் மினமாட்டாவில் படம் எடுத்தார், அந்த ஊரைப் பற்றிய புத்தகத்தில் அவரும் ஓர் ஆசிரியர் என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

கருவிலேயே பாதரசம் தாக்கிய மகளைக் குளியல் தொட்டியில் தாய் ஏந்தியிருக்கும் படம்தான் மினமாட்டாவை உலகத்துக்குக் காட்டியது. பெற்றோர் சம்மதத்தோடு எடுத்தது. அந்த மகள் 1977-ல் இறந்தார், அடுத்த ஆண்டு ஸ்மித்தும் போய்ச் சேர்ந்தார். மகளை இனி ஓய்வெடுக்க விட வேண்டும் என்று பெற்றோர் விரும்பியபோது, உரிமையை வைத்திருந்த ஐலீன் 1998-ல் படத்தைப் புழக்கத்திலிருந்து நிறுத்தினார். வரலாற்றை மறைக்கிறார் என்று அப்போது கோபப்பட்டவர்கள் உண்டு. நான் ஐலீன் பக்கம்தான். ஒருமுறை சம்மதித்தவர்களுக்கு, பிறகு போதும் என்று சொல்லவும் உரிமை இருக்க வேண்டும். அந்தப் படம் செய்ய வேண்டிய வேலையை 1972-லேயே செய்துவிட்டது.

2020-ல் வந்த ஒரு சினிமாவில் ஐலீனின் அனுமதியோடே அது மறுபடி வந்தது. அவர் ஏன் மனம் மாறினார் என்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, ஆனாலும் 1998 ஐலீனைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கிறது. இந்தப் பதிவோடு அந்தப் படத்தைப் போடவில்லை. பெண்ணின் பெயரையும் எழுதவில்லை.