நாற்காலி மாறினால் நொடியும் மாறும்

தங்கச்சிமடத்தில் நடந்த இலவச மருத்துவ முகாமில், ஒரு பெரியவரின் நடையைத் தப்பாக அளந்து சீட்டு எழுதிவிட்டார்கள். பார்க்கின்சன் (நடுக்கமும் நடைத் தடுமாற்றமும் தரும் நரம்பு நோய்) உள்ள அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார போன மாதம் 15 நொடி, இந்த மாதம் 13. "நல்ல முன்னேற்றம், இனி பயிற்சி வேண்டாம்" என்று சீட்டில் எழுதிவிட்டார்கள்.

போன மாதம் ஸ்டூல். இந்த மாதம் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் சேர். கையை ஊன்றி எழுந்தால் நொடி குறையத்தானே செய்யும்? அளந்தது அவர் நடையையா, நாற்காலியையா?

1991-இல் இந்த 'டைம்டு அப் அண்ட் கோ' சோதனையை வெளியிட்டவர்கள் முறையையும் சொல்லியிருக்கிறார்கள். இருக்கை உயரம் சுமார் 46 செ.மீ., கைப்பிடி உண்டு, வழக்கமான செருப்பு, வழக்கமான ஊன்றுகோல். ஒரு தடவை நடந்து பழகிய பிறகுதான் நேரம் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் சேர் டைல்ஸில் பின்னால் வழுக்கும், சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். முகாமில் அளக்கும் டேப்பே இல்லை, காலடியால் அளந்து கோடு போட்டார்கள்.

அதைவிடப் பெரிய தப்பு மாத்திரை. பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும்போது ஒரு நடை, அது தேய்ந்தபின் வேறு நடை. ஒவ்வொரு தடவையும் மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்து அளந்தார்கள்? சீட்டில் இல்லை. பார்க்கின்சனில் சுமார் 3.5 நொடிக்குக் குறைவான வித்தியாசம் வெறும் அளவுப் பிழையாகவே இருக்கலாம் என்று ஆய்வு இருக்கிறது. இவருக்கு வித்தியாசம் 2 நொடி. முதியவர்கள் 12 நொடியோ அதற்கு மேலோ எடுத்தால் விழும் ஆபத்து என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. 13 அதற்கும் மேல்தானே!

"கூட்டம் அதிகம், நேரமில்லை" என்பார்கள். டேப் பிடித்துக் கோடு போட ஒரு நிமிடம், அதே நாற்காலியை எடுத்து வைக்க அதுகூட ஆகாது. ஆறு நிமிட நடைச் சோதனைக்கு 30 மீட்டர் நேர்பாதை வேண்டும், இடமில்லை என்றால் ஒப்புக்கொள்கிறேன். இந்த 3 மீட்டருக்கு என்ன சாக்கு?

"இலவசமாகச் செய்பவர்களைக் குறை சொல்லலாமா?" என்றும் கேட்பார்கள். காசு வாங்காவிட்டால் தப்பான சீட்டு சரியாகிவிடுமா? வெயிலில் வரிசையில் நின்றவர் அந்த மனுஷன்.

முறைப்படி அளந்தாலும் டைல்ஸ் தரை பாதிக் கதையைத்தான் சொல்லும். அவர் வீட்டு வாசலில் இறங்கினால் கால் புதையும் மணல். திரும்பும்போது கால் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா, எத்தனை எட்டில் திரும்புகிறார், இந்த வருஷம் எத்தனை தடவை விழுந்தார், யாராவது கேட்டார்களா? மொத்த நொடி மட்டும் பார்த்தால் இதெல்லாம் தெரியாது.

அவரைத் திரும்பக் கூப்பிட்டு, அதே நாற்காலியில், மாத்திரை நேரம் குறித்து அளக்க வேண்டும். அதுவரை பயிற்சியை நிறுத்தக் கூடாது.