ஆட்டோக்காரர் காட்டிய புல்காரி

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் யாரும் என்னிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை. செருப்பை வாங்கி வைத்தவர்கூட நீட்டிய காசை மறுத்துவிட்டார். லங்கர் என்ற இலவசப் பொது உணவுக்கூடத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஏந்தி ரொட்டி வாங்கி, பருப்போடு வயிறாரச் சாப்பிட்டேன். இரவு பகல் எந்நேரமும், யார் வந்தாலும் சோறு போடும் இடம் அது.

வெளியே வந்து ஆட்டோ ஏறியதும் ஆரம்பித்தது. கட்ரா ஜெய்மல் சிங் துணிக்கடைத் தெருவுக்குப் போகச் சொன்னால், "அங்கே எல்லாம் மூடியாச்சு" என்று வேறொரு கடையில் இறக்கிவிட்டார். அவருக்கு அங்கே கமிஷன் என்பது அப்புறம்தான் புரிந்தது. கடைக்காரர் "முழுக்கக் கைவேலை" என்று சத்தியம் செய்ய, அம்மாவுக்கு ஒரு புல்காரி (பஞ்சாபின் பூத்தையல் வேலை) துப்பட்டா வாங்கினேன். 2,800 ரூபாய். அறையில் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்க மெஷின் நூல், அதுவும் பாலியஸ்டர்.

அசல் புல்காரியைத் துணியின் பின்பக்கமிருந்து, இழை எண்ணி, முறுக்காத பட்டு நூலால் தைப்பார்கள். மெஷின் துணியென்று உண்மையைச் சொல்லி விற்றிருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். கண் நோகத் தைக்கும் பெண்களின் கூலியையல்லவா இந்தப் பொய் தின்கிறது? எனக்கு ஆறவே இல்லை.

மறுநாள் விசாரித்தேன். கட்ரா கடைகள் அன்று திறந்துதான் இருந்தனவாம்.