'ஓ வாட் எ நைட்': அது வேற, இது வேற

நேற்றைய க்விஸ் பதிவைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று தெரியும். டெல்ஸ், ஃபோர் சீசன்ஸ் இரண்டுமே அமெரிக்கப் பாட்டுக் குழுக்கள். "டெல்ஸ் பாடின 'ஓ வாட் எ நைட்' ஃபோர் சீசன்ஸோட காப்பி" என்று ஒருத்தர் அடித்துவிட, அதற்கு முந்நூறு ஹார்ட். நான் பணிவாகத்தான் திருத்தினேன். வந்த பதில்: "அண்ணே, கூகுள் பண்ணிட்டு வாங்க." கூடவே ஒரு சிரிப்பு எமோஜி.

பண்ணாமலே சொல்கிறேன் தம்பி. டெல்ஸ் பாட்டு 1956. ஃபோர் சீசன்ஸ் பாட்டு 1975 கடைசி. பத்தொன்பது வருஷம் கழித்து வரப்போகிற பாட்டை முன்கூட்டியே காப்பியடிக்க அவர்கள் என்ன ஜோசியக்காரர்களா? தலைப்பு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். மெட்டே வேற.

டெல்ஸ் குழுவினர் சிகாகோ பக்கத்தில் ஹார்வி என்ற ஊரில், ஒரே பள்ளிக்கூடத்துப் பையன்கள். அவர்களில் மார்வின் ஜூனியரும் ஜானி ஃபன்ச்சஸும் எழுதிய பாட்டு இது, வீ-ஜே என்ற இசைத்தட்டு கம்பெனி வெளியிட்டது. அசல் டூ-வாப்: குரல்தான் முதல், வாத்தியம் பின்னால் எங்கேயோ. 1958-ல் கார் விபத்து, குழுவில் ஒருவரான மிக்கி மெகிலுக்குக் காலில் பலத்த அடி, குழுவே கலைந்தது. மறுபடி கூடியபோது ஃபன்ச்சஸ் இல்லை. ஃப்ளமிங்கோஸ் என்ற குழுவில் பாடிய ஜானி கார்ட்டர் வந்தார். பாடகி டைனா வாஷிங்டனுக்குப் பின்பாட்டெல்லாம் பாடிப் பிழைத்தார்கள். 1969-ல் கேடட் கம்பெனியில் அதே பாட்டை சோல் (soul) இசைப் பாணியில் மறுபடி பாடினார்கள். இசைக்கோர்ப்பு சார்லஸ் ஸ்டெப்னி. அமெரிக்காவின் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியலில் முதலிடம், பாப் பட்டியலில் பத்தாமிடம்.

"சொந்தப் பாட்டையே திரும்பப் பாடிக் காசு பார்த்தாங்க" என்பார்கள். பார்த்தால் என்ன? வீ-ஜே 1966-லேயே திவால். பாட்டு அவர்களுடையது, தொண்டையும் அவர்களுடையது. "பழசுதான் நல்லா இருக்கு" என்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அது ரசனை. ஆனால் காப்பி என்று சொல்லாதீர்கள். 1956. திரும்பச் சொல்கிறேன், 1956.

"இதுக்கெல்லாமா டென்ஷன்?" ஆமாம், இதுக்குத்தான். அந்த 1969 பதிவு, குழுவின் சக் பார்க்ஸ்டேலின் பேஸ் (bass) குரலில், அதாவது ஆண்குரலில் ஆகக் கீழான குரலில், பேச்சாகத் தொடங்கும். அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். நான் சர்ச் கொயரில் இருபது வருஷம் பேஸ் பாடியவன். ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் கேரல் வீடியோ வந்தது. மைக் மொத்தமும் மேல்குரல் பாடுகிற டெனர் ஆண்கள் பக்கம், நான் பாதித் தூணுக்குப் பின்னால். அம்மா முழுசாகப் பார்த்துவிட்டு, "நீ எப்படா பாடின?" என்று கேட்டார். பேஸ் இல்லாவிட்டால் டெனர் அந்தரத்தில் தொங்குவான் அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. கீழே நின்று தாங்குகிறவனை எவன் பார்க்கிறான்? முதலில் வந்தவனையே காப்பி என்கிற ஊர் இது.

தம்பி இன்னும் பதிவைத் திருத்தவில்லை. நானூறு ஹார்ட் தாண்டிவிட்டது. என்னை பிளாக் பண்ணிவிட்டார் என்று ஒரு நண்பர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

1969 பாட்டின் லிங்க் முதல் கமெண்டில் இருக்கிறது. ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது.